பின்னால் இருக்கும் தண்ணீர்

திங்கட்கிழமை சர்வேயர் வருகிறார்.
வாகைநேரிக் குளம் எதுவரை கிடந்ததென்று
அதற்குள் ஊர் சொல்லியாக வேண்டும்.
பஞ்சாயத்துப் பதிவேட்டில்
அந்த ஒரு பக்கத்தை மட்டும் கரையான் தின்றிருக்கிறது.
மூலைக்கரைப்பட்டி ரோட்டுக் கரையான்,
சென்ட் விலை தெரிந்தது.

ஆகவே போட்டோக்கள் வருகின்றன
என் ஜெராக்ஸ் கடைக்கு.
மஞ்சப்பையில், பைபிள் நடுவில்,
சுவரிலிருந்து ஆணியோடு பிடுங்கி.

ஞானதிரவியம் சார் நீட்டியது
எழுபத்தொன்பது, வாலிபால் அணி.
கோப்பை அவர் கையில்.
"மூஞ்சியப் பாக்காதடே,
காதுக்குப் பின்னால பாரு."
காதுக்குப் பின்னால்
நகக்கண் அளவு சாம்பல் நிறத் தண்ணீர்.

அன்று முழுக்க அப்படித்தான் பார்த்தோம்.
காதுகுத்து, சடங்கு, புது சைக்கிள்,
இறந்துபோனவர்கள் மடியில் தூக்கிவைத்த பிள்ளைகள்.
யாரையும் பார்க்கவில்லை.
தலைகளுக்கு நடுவே, கக்கத்துக்குக் கீழே
அலைக்கோட்டைத் தேடினோம்.
மொட்டை போட்ட பிள்ளைக்கு மேலே
ஒரு கூழைக்கடா பறந்தது.
அது இறங்கப்போகும் இடத்தை மட்டும்
பேனாவால் குறித்துக்கொண்டோம்.

ஆவுடைநாயகி மதினி கொண்டுவந்ததில்
படகு இருந்தது.
"நம்ம குளத்துல ஏது மதினி போட்டு?"
"அப்ப இருந்துச்சி" என்றாள் தளராமல்.
பின்பக்கம் திருப்பினால்
கொடைக்கானல் ஸ்டுடியோ முத்திரை.
அதையும் ஒரு பிரதி எடுக்கச் சொன்னாள்.

நம்பித்துரையிடம் கிரிக்கெட் படம்.
குளத்துக்கு நட்டநடுவில் ஸ்டம்பு,
வெடித்த மண், ஒரு ஆடு.
"இத உள்ள வையிலே" என்றன பல குரல்கள்.
வற்றின வருடத்துக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை.

பிறகு பாத்துமுத்து கைக்குட்டையைப் பிரித்தாள்.
நிக்காஹ் அன்று காலை.
மறுகால் பாய்ந்து வேன் அக்கரையில் நின்றுவிட,
ஒருவர் தோளில் உட்கார்ந்து,
ஷூவைக் கையில் பிடித்தபடி
வருகிறார் மாப்பிள்ளை.
சுமப்பவருக்கு மார் வரை தண்ணீர்.
தொண்ணூற்றிரண்டு என்றார்கள்,
இல்லை, அதற்கு அடுத்தது என்றார்கள்.
"எனக்குத் தெரியாதா
எனக்குக் கல்யாணமான வருசம்?" என்றவளுக்கும்
கொஞ்சம் சந்தேகம் வந்தது.

"கீழ இருக்கது நாந்தான்."

வாசலில் நின்ற கொம்பையா.
எதுவும் கொண்டுவராதவர்.
எங்க தெருவுக்கு எவன் காமிரா கொண்டாந்தான் என்று
காலையிலேயே சொல்லிவிட்டு
போகாமல் நின்றவர்.
முப்பது வருடம் கழித்துத் தன்னைப் பார்க்கிறார்.
சிரிக்கவில்லை.
கணக்குச் சொன்னார்.

"தண்ணி மாருக்கு, நாலடி.
படம் புடிக்க நில்லுன்னாவ,
சாஞ்சு கெடந்த சுமைதாங்கிக் கல்லுமேல ஏறுனேன்.
அது ஒண்ணரை.
மொத்தம் அஞ்சரை. என் உசரம்.
நான் கல்லுல இல்லன்னா
முங்கிருப்பேன் பாத்துக்கிடுங்க."

கடை அமைதியானது.
அந்தக் கல் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.
அதில் கால் வைத்துத்தான்
உள்ளே ஏறி வந்திருந்தார்கள்.
அப்பா அதை வாசற்படியாகப் பதித்த அன்று
சிமெண்ட் குழைத்தது நான்.

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.
காதுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

படத்தைக் கண்ணாடியில் கவிழ்த்தேன்.
பச்சை வெளிச்சம்
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்
திரும்பி வந்தது.
சர்வேயருக்கு ஒன்று,
சங்கத்துக்கு ஒன்று.

கொம்பையா தனக்கும் கேட்டார்.
"மாப்பிள்ள வேண்டாம். என்னைய மட்டும், பெருசா."
எப்படி வெட்டினாலும்
தோளிலிருந்து இரண்டு கால்கள் தொங்கின.
"கெடக்கட்டும்" என்றார்
பத்து ரூபாயை நீட்டி.
"தண்ணிய வெட்டிராத."